அடி விழுகிறது, ரத்தம் குறையவில்லை: கென்ஷின் இம்பாக்ட் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

கென்ஷின் இம்பாக்ட் என்ற வீடியோ கேம் பார்ப்பதற்குப் பொம்மைக்கடை மாதிரி இருக்கும். துள்ளிக் குதிக்கும் ஸ்லைம்கள், காற்றில் மிதந்தபடி வாயடிக்கும் பைமோன், எந்த மலையிலும் ஏறி எந்த உச்சியிலிருந்தும் குதித்துப் பறக்கிற சுதந்திரம். உள்ளே இறங்கினால் அது கணக்கு நோட்டு. அதனால் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் வலி ஓரிடம் இருக்க வேறிடத்தில் தைலம் தடவுகிறார்கள். எதிரி சாகாவிட்டால் லெவல் ஏற்றுகிறார்கள். ஆட்டம் திணறினால் நெட்டைத் திட்டுகிறார்கள். கேரக்டர் கிடைக்காவிட்டால் ராசியை நொந்துகொள்கிறார்கள்.

உங்களுக்கு இருக்கும் கோளாறை மட்டும் தேடிப் படித்தால் போதும். டேமேஜ் (எதிரி மேல் விழும் அடியின் பலம்) பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே அடங்கிவிடும்.

ஆட்டம் இழுத்து இழுத்து ஓடுகிறது

முதலில் இது நெட் பிரச்சினையா, கருவியின் பிரச்சினையா என்று பிரியுங்கள். எதிரி யாரும் இல்லாத இடத்தில் நின்று கேமராவை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கேமராவே விட்டு விட்டுத் திரும்பினால் கோளாறு உங்கள் போனில் அல்லது கணினியில். கேமரா வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் பொறுக்கிய பொருள் இரண்டு வினாடி கழித்துத்தான் பைக்குள் போகிறது, பெட்டி திறக்க யோசிக்கிறது, அடித்த எதிரியின் ரத்தம் தாமதமாகக் குறைகிறது என்றால் அது நெட். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நெட் பிரச்சினைக்காக கிராஃபிக்ஸைக் குறைத்து ஆட்டத்தை அசிங்கமாக்கிக்கொள்பவர்கள் ஏராளம்.

நெட் என்றால் ஆட்டம் காட்டும் எம்.எஸ். எண்ணைப் பாருங்கள். அது நிலையாக இருந்தால் கொஞ்சம் அதிகமானாலும் விளையாடலாம். 60, 300, 80, 500 என்று எகிறிக் குதித்தால்தான் தொல்லை. பெரும்பாலும் வைஃபைதான் காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலிருந்து 5-க்கு மாறுங்கள். கணினி என்றால் கேபிளைச் செருகுங்கள். பின்னணியில் ஏதாவது அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இவை எல்லாம் செய்தும் எண் நிலையாக, ஆனால் மிக உயரமாகவே நின்றால், உங்களுக்குத் தொலைவான சர்வரில் கணக்கைத் தொடங்கியிருக்கிறீர்கள். அதற்கு வழியில்லை. ஒரு சர்வரில் சேர்த்ததை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது.

கருவி என்றால் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பக்கம் போய் ரெண்டர் ரெசல்யூஷனை மட்டும் ஒரு படி இறக்குங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். அதே இடத்தில் மறுபடி கேமராவைச் சுற்றுங்கள். ஓட்டம் சீரானால் கிராஃபிக்ஸ் சிப் தான் மூச்சு வாங்குகிறது. அடுத்து ஷேடோ குவாலிட்டியையும் விஷுவல் எஃபெக்ட்ஸையும் குறைக்கலாம். ஒன்றும் மாறாவிட்டால் பிராசஸர்தான் திணறுகிறது. அப்போது ரெசல்யூஷனை எவ்வளவு இறக்கினாலும் படம் மங்குமே தவிர வேகம் வராது. க்ரவுட் டென்சிட்டியைக் குறையுங்கள், பின்னணி ஆப்களை மூடுங்கள். நகரத்துக்குள் மட்டும் திணறி, காட்டில் சீராக ஓடினால் இதுதான் காரணம் என்று நம்பலாம்.

போனில் முதல் கால் மணி நேரம் பட்டுப்போல் ஓடி, பிறகு தள்ளாடினால் சூடு. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தை வெட்டுகிறது. 60 எஃப்.பி.எஸ். வைத்து அது 35-க்கும் 50-க்கும் நடுவே ஊசலாடுவதைவிட, 30-இல் வைத்து அசையாமல் ஓட்டுவது கண்ணுக்கும் கைக்கும் நல்லது. கவரைக் கழற்றுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடாதீர்கள்.

கணினியில் நடந்துகொண்டே இருக்கும்போது திடீர் திடீரென ஒரு நொடி உறைகிறது, ஊர்க்காரர்கள் தாமதமாக முளைக்கிறார்கள் என்றால் ஆட்டம் சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். இதற்கு கிராஃபிக்ஸ் செட்டிங் எதுவும் மருந்தாகாது. பெரிய அப்டேட் முடிந்த முதல் நாளில் மட்டும் ஒவ்வொரு புது எஃபெக்டுக்கும் ஒரு துள்ளல் வந்தால் விட்டுவிடுங்கள். ஷேடர்கள் புதிதாகத் தயாராகின்றன, தானே சரியாகும்.

ஆட்டம் திறக்கவே இல்லை, அல்லது பாதியில் மூடிக்கொள்கிறது

கணினியில் லாஞ்சருக்குள் கேம் ஃபைல்களைப் பழுதுபார்க்கும் வசதி இருக்கிறது. முதலில் அதை ஓட்டுங்கள். அழித்து முழுதாக மறுபடி இறக்குவது கடைசி வழி. பலர் அதைத்தான் முதல் வழியாக எடுத்து ஒரு நாளை வீணாக்குகிறார்கள். அடுத்து கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். எஃப்.பி.எஸ். காட்டும் ஆப், ரெக்கார்டிங் ஆப் போன்று ஆட்டத்தின் மேல் படரும் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திறந்து பாருங்கள்.

போனில் இடப் பற்றாக்குறைதான் முதல் சந்தேகம். அப்டேட் இறங்கும்போது பழைய ஃபைலும் புதிய ஃபைலும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கும், ஆகவே அப்டேட்டின் அளவைவிட அதிகமாகவே இடம் வேண்டும். செட்டிங்ஸுக்குள் முடிந்துபோன பழைய குவெஸ்ட்களின் ஃபைல்களை அழிக்கும் பகுதி இருக்கிறது. குரல் பேக்குகளும் அங்கே. சீனம், ஆங்கிலம், ஜப்பானியம், கொரியன் என நான்கு மொழிகளில் குரல் உண்டு. கேட்பது ஒன்றுதான் என்றால் மீதியை நீக்கினால் பல ஜிபி விடுபடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. உதடு அசைகிறது, குரல் வரவில்லை என்றால் தேர்ந்தெடுத்த மொழியின் பேக் இறங்கியிருக்கவில்லை.

4206 என்ற எண்ணுடன் வெளியே தள்ளினால் சர்வரோடு இணைப்பு அறுந்தது என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், வி.பி.என். இருந்தால் நிறுத்துங்கள். அதற்கும் முன்னால், அன்று புதிய பதிப்பு வரும் நாளா என்று பாருங்கள். வழக்கமாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். அன்று சுமார் ஐந்து மணி நேரம் சர்வர் மூடியிருக்கும். அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் பயனில்லை.

சேர்த்து வைத்த எல்லாம் காணோம், லெவல் 1-இலிருந்து தொடங்குகிறது

பதறாதீர்கள். எதுவும் அழியவில்லை. வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா, தைவான்-ஹாங்காங்-மக்காவ் என நான்கு சர்வர்கள். ஒரே கணக்கில் நான்கிலும் தனித்தனி ஆட்டம் ஓடும். ஆரம்பக் காட்சி ஓடத் தொடங்கினால் உடனே வெளியேறி, நுழைவுத் திரையில் சர்வர் பெயரைப் பாருங்கள். பழைய ஸ்கிரீன்ஷாட் இருந்தால் கீழ் மூலையில் யூ.ஐ.டி. எண் தெரியும். 6-இல் தொடங்கினால் அமெரிக்கா, 7 ஐரோப்பா, 8 அல்லது 18 ஆசியா, 9 தைவான் பக்கம்.

சர்வர் சரியாக இருந்தும் பழையது வரவில்லை என்றால் நுழைந்த வழி மாறியிருக்கிறது. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போட்டு நுழைவது ஒரு கணக்கு. கூகுள் பொத்தானைத் தட்டி நுழைவது, முன்பே இணைத்து வைக்காதவரை, இன்னொரு கணக்கு.

அடிக்கிறேன், அடிக்கிறேன், எதிரி சாகவே மாட்டேன் என்கிறான்

இதுதான் பெரிய பகுதி. இதில் நான்கைந்து வெவ்வேறு நோய்களுக்கு ஒரே காய்ச்சல்.

எண்ணே வராமல் 'இம்யூன்' என்று வந்தால் அவனுடைய எலமென்டாலேயே அவனை அடிக்கிறீர்கள். எலமென்ட் என்றால் ஏழு வகைச் சக்தி: பைரோ நெருப்பு, ஹைட்ரோ நீர், க்ரையோ பனி, எலெக்ட்ரோ மின்சாரம், டெண்ட்ரோ செடி, அனீமோ காற்று, ஜியோ பாறை. பைரோ ஸ்லைமை பைரோவால் எத்தனை மணி நேரம் வாட்டினாலும் ஒன்றும் ஆகாது. கேரக்டரை மாற்றுங்கள். எண் வருகிறது, ஆனால் மிகச் சின்னதாக வருகிறது என்றால் எதிரியின் ரெசிஸ்டன்ஸைச் சந்தேகியுங்கள். சாதாரண எதிரிகளுக்கு எல்லா வகையிலும் 10% எதிர்ப்பு. ரூயின் கார்டு என்ற இயந்திர எதிரிக்கு உடல்ரீதியான அடிக்கு மட்டும் 70%. வெறும் வாளால் அவனை வெட்டுவது பாறையில் தலையை முட்டுவது. எலமென்டைப் பூசி அடியுங்கள், அல்லது வில்லை எடுத்து அவன் கண்ணைக் குறிவையுங்கள். அங்கே இரண்டு அம்பு பட்டால் மண்டியிட்டுவிடுவான்.

எல்லா எதிரிகளிடமும் அடி சின்னதாகவே இருக்கிறதா? அப்போது கேரக்டர் வளர்ப்பில் கோளாறு. இங்கே எல்லோரும் கேரக்டர் லெவலுக்கு ஓடுகிறார்கள். லெவல் 60 கேரக்டர் லெவல் 90 எதிரியை அடித்தால், எதிரியின் டிஃபென்ஸ் கழிந்து அடியில் சுமார் 46% மிஞ்சும். கேரக்டரும் 90 ஆனால் 50%. முப்பது லெவல் ஏற்றியதற்கு இந்த இடத்தில் கிடைத்தது அவ்வளவுதான். அடிப்படை எண்கள் கூடும் என்பது தனிக்கதை. ஆனால் அதே செலவை எங்கே போட்டால் அதிகம் தெரியும் என்று கேட்டால் வரிசை வேறு.

முதலில் ஆயுதம். கேரக்டரின் அடிப்படை அட்டாக்கும் ஆயுதத்தின் அடிப்படை அட்டாக்கும் சேர்ந்த தொகையின் மேல்தான் எல்லா அட்டாக் சதவீதங்களும் பெருகும். லெவல் 20-இல் கிடக்கும் ஆயுதத்தோடு 46.6% அட்டாக் ஆர்ட்டிஃபாக்டை (கேரக்டருக்கு மாட்டும் ஐந்து அணிகலன்களில் ஒன்றை) போடுவது காலிப் பானைக்குப் பெரிய மூடி.

அடுத்து டேலன்ட், அதாவது சாதாரண அடி, ஸ்கில், பர்ஸ்ட் என்ற மூன்று திறமைகள். பர்ஸ்ட் என்பது எனர்ஜி நிரம்பினால் மட்டும் போட முடிகிற பெரிய அடி. கேரக்டருக்கு இரண்டாவது அசென்ஷன் முடிந்த பிறகுதான், அதாவது லெவல் 40-ஐத் தாண்டத் திறந்த பிறகுதான், டேலன்டை 2-க்கு ஏற்ற முடியும். பிறகு ஒவ்வொரு அசென்ஷனுக்கும் எல்லை 4, 6, 8, 10 என்று நகரும். மூன்று டேலன்டையும் சமமாக ஏற்றாதீர்கள். அந்தக் கேரக்டர் எதனால் அடிக்கிறதோ அதை மட்டும் ஏற்றுங்கள். களத்தில் நிற்காமல் பர்ஸ்டை மட்டும் போட்டுவிட்டு ஓடும் கேரக்டரின் சாதாரண அடியை ஏற்றுவது வீண்செலவு.

மூன்றாவது ஆர்ட்டிஃபாக்ட். பூவும் இறகும் எப்போதும் ஒரே மாதிரி: எச்.பி., அட்டாக். தேர்வு இருப்பது மற்ற மூன்றில். மணற்கடிகாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு அட்டாக் சதவீதம், கோப்பையில் அந்தக் கேரக்டரின் எலமென்ட் டேமேஜ், கிரீடத்தில் க்ரிட் ரேட் (அடி கூடுதல் பலத்தோடு விழும் வாய்ப்பு) அல்லது க்ரிட் டேமேஜ் (அந்தக் கூடுதலின் அளவு). எல்லோருக்கும் பிறவியிலேயே க்ரிட் ரேட் 5%, க்ரிட் டேமேஜ் 50% உண்டு. ரேட் ஒரு பங்கு, டேமேஜ் இரண்டு பங்கு என்ற விகிதத்தை நோக்கிப் போங்கள். 20% ரேட்டும் 200% டேமேஜும் வைத்தால் ஐந்து அடியில் ஒன்று மின்னும், மற்ற நான்கும் புஸ்வாணம். 55-க்கு 130 அதைவிட மேல்.

பல பேர் தவறவிடும் ஒன்று: எல்லோரும் அட்டாக்கால் அடிப்பதில்லை. நோயல் டிஃபென்ஸை நம்பி நிற்பவள். யேலானும் நூவிலெட்டும் எச்.பி.யால் அடிப்பவர்கள். இவர்களுக்கு அட்டாக் மணற்கடிகாரம் மாட்டினால் நோய்க்குச் சம்பந்தமில்லாத மருந்து. கேரக்டரின் டேலன்ட் விளக்கத்தில் எந்தச் சதவீதத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நிமிடம் படித்துவிட்டு ஆர்ட்டிஃபாக்ட் தேடுங்கள்.

எண்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் ரியாக்‌ஷன் எதிர்பார்த்த அளவு அடிக்கவில்லை

எதிரி மேல் இரண்டு எலமென்ட் சந்தித்தால் வருவது ரியாக்‌ஷன். அதில் வேப்பரைஸ், மெல்ட் இரண்டிலும் பெருக்கல் கிடைப்பது இரண்டாவதாக வந்து விழும் அடிக்கு. பைரோ ஒட்டியிருக்கும் எதிரி மேல் ஹைட்ரோ விழுந்தால் 2 மடங்கு. ஹைட்ரோ ஒட்டியிருக்கும் எதிரி மேல் பைரோ விழுந்தால் 1.5 மடங்கு. மெல்ட்டில் க்ரையோ மேல் பைரோ 2 மடங்கு, பைரோ மேல் க்ரையோ 1.5. ஆகவே உங்கள் பெரிய அடி முதலில் விழுந்து, பின்னால் வரும் குட்டி அடி ரியாக்‌ஷனைக் கிளப்பினால், பெருக்கல் குட்டி அடிக்குப் போய்விடும். வெடி பெரிது, சத்தம் சின்னது. சின்ன எலமென்டை முதலில் பூசுங்கள். பெரிய அடியைக் கடைசியில் இறக்குங்கள்.

'வரிசையாகப் பத்து அடி அடித்தேன், மூன்றுக்குத்தான் ரியாக்‌ஷன் வந்தது' என்றால் அது பிழையில்லை. ஒரே வகை அடி எதிரி மேல் எலமென்டை ஒவ்வொரு முறையும் பூசாது. பொதுவான விதி 2.5 வினாடிக்கு ஒருமுறை, அல்லது மூன்று அடிக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அது. வேகமாக அடித்தால் அதிகம் பூசும் என்பது தவறான நம்பிக்கை. கேரக்டரை மாற்றி மாற்றி, வேறு வேறு ஸ்கில்லால் அடியுங்கள்.

ஓவர்லோட், எலெக்ட்ரோ சார்ஜ்ட், ஹைப்பர்ப்ளூம் போன்றவை வேறு இனம். அவற்றுக்கு உங்கள் அட்டாக்கும் பொருட்டில்லை, க்ரிட்டும் பொருட்டில்லை. ரியாக்‌ஷனைக் கிளப்பியவரின் லெவலும் எலமென்டல் மாஸ்டரி என்ற எண்ணும்தான். ஹைப்பர்ப்ளூமில் கிளப்புபவர் எலெக்ட்ரோ கேரக்டர். அவரை லெவல் 90-க்குக் கொண்டுபோய், முடிந்த இடத்திலெல்லாம் மாஸ்டரியை மாட்டுங்கள். மேலே லெவலைக் குறைத்துச் சொன்னோமே, அதற்கு விதிவிலக்கு இவர்தான்.

காற்று எதோடு வேண்டுமானாலும் சுழலும் என்று நினைத்து அனீமோவை டெண்ட்ரோ அணியில் சேர்ப்பவர்கள் உண்டு. அனீமோவின் சுழல் ரியாக்‌ஷன் பைரோ, ஹைட்ரோ, எலெக்ட்ரோ, க்ரையோ நான்கோடு மட்டும். ஜியோவின் க்ரிஸ்டலைஸும் அப்படியே. அந்த நான்கில் ஒன்றைச் சுழற்றுகிறீர்கள் என்றால் விரிடெசென்ட் வெனரர் ஆர்ட்டிஃபாக்டில் நான்கு துண்டுகளை மாட்டுங்கள். சுழன்ற எலமென்டுக்கு எதிரியின் எதிர்ப்பு 10 வினாடிக்கு 40% குறையும். ஒரு வார ரெசினை (டொமைன் என்ற சவால் கூடங்களில் பரிசு எடுக்கச் செலவாகும் சக்தியை) அங்கே கொட்டினாலும் வருத்தப்பட மாட்டீர்கள்.

கவசத்தை உடைக்க ஆயுள் போகிறது

அபிஸ் மேஜ் என்ற மந்திரவாதி எதிரி கவசத்தோடு நிற்கும்போது வாள் வேகம், க்ரிட் எதுவும் உதவாது. சரியான எலமென்டைப் பூசுவது ஒன்றே வழி. பைரோ மேஜுக்கு ஹைட்ரோ. க்ரையோ மேஜுக்கு பைரோ. ஹைட்ரோ மேஜுக்கு க்ரையோ. பைரோவால் அவனை உடைக்கப் போனால் பொழுது விடிந்துவிடும். எலெக்ட்ரோ மேஜுக்கு க்ரையோ அல்லது பைரோ. அடியின் பலம் இங்கே கணக்கில்லை, எத்தனை முறை பூசினீர்கள் என்பதே கணக்கு. அதனால் லெவல் குறைந்த கேரக்டரும் இந்த வேலையைக் கச்சிதமாகச் செய்யும்.

மரக்கேடயம் பிடித்த மிட்டாசுர்ல் என்றால் பைரோ. கேடயம் எரிந்து சாம்பலாகும். பாறைக் கேடயம் என்றால் க்ளேமோர் (பெருவாள்), ஜியோ, ஓவர்லோட். க்ரையோ ரெஜிஸ்வைன் என்ற செடி முதலாளியிடம் (பாஸ் எதிரியிடம்) அடியை வேரில் அல்லது பூவில் மின்னும் கருவின் மேல் பைரோவால் குவியுங்கள். அது உடைந்து சரிந்தபின்தான் உங்கள் பர்ஸ்ட். நின்றுகொண்டிருக்கும்போதே பர்ஸ்டைக் கொட்டிவிட்டு, அது சரியும் நேரத்தில் வெறுங்கையோடு நிற்பது வழக்கமான தப்பு.

பர்ஸ்ட் தயாராகவே மாட்டேன் என்கிறது

எனர்ஜித் துகள் பற்றிய கணக்கு தெரியாமல் இதைத் தீர்க்க முடியாது. ஒரு துகள், தன் எலமென்ட் கேரக்டர் களத்தில் நின்று பிடித்தால் 3 எனர்ஜி. எதிரியிடமிருந்து விழும் வெள்ளைத் துகள் 2. வேறு எலமென்ட் 1. நால்வர் அணியில் களத்துக்கு வெளியே இருப்பவருக்கு இதில் 60% மட்டும். பிறகு எனர்ஜி ரீசார்ஜ் சதவீதத்தால் பெருக்க வேண்டும்.

ஷியாங்லிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பர்ஸ்ட் விலை 80. அவள் ஸ்கில்லில் வரும் குவோபா நான்கு துகள் தரும். அவளே நின்று பிடித்தால் 12; வெளியே இருந்தால் 7 சொச்சம். 80 எங்கே, 12 எங்கே? அவளால் தனியாக ஒருபோதும் நிரப்ப முடியாது. இன்னொரு பைரோ கேரக்டர், வழக்கமாக பென்னெட், பக்கத்தில் வேண்டும். பென்னெட்டின் ஸ்கில்லைத் தட்டியதும் துகள்கள் பறந்து வருவதற்குள் ஷியாங்லிங்குக்கு மாறுங்கள். துகளைத் தட்டுபவர் ஒருவர், பிடிப்பவர் இன்னொருவர். பென்னெட்டிடமே நின்றுவிட்டால் அவள் பங்கில் 40% காற்றோடு போகிறது. இப்படிச் செய்தும் சுற்றுக்கு ஒருமுறை பர்ஸ்ட் வரவில்லை என்றால் மணற்கடிகாரத்தை எனர்ஜி ரீசார்ஜுக்கு மாற்றுங்கள். அது 51.8% தரும். அட்டாக் குறைகிறதே என்று தயங்க வேண்டாம். வராத பர்ஸ்டின் டேமேஜ் பூஜ்யம்.

பாதி மலையில் விழுகிறேன், நீந்தும்போது மூழ்குகிறேன்

ஏறவும் நீந்தவும் பறக்கவும் செலவாகும் ஸ்டாமினா 100-இல் தொடங்கி 240 வரை போகும். மோண்ட்ஸ்டாட் நாட்டில் சிதறிக் கிடக்கும் அனீமோகுலஸ்களையும் லீயுவே நாட்டின் ஜியோகுலஸ்களையும் ஸ்டாச்சு ஆஃப் த செவன் என்ற சிலைகளில் செலுத்தினால்தான் ஏறும். அதற்குப் பிறகு வரும் நாடுகளின் சிலைகள் ஸ்டாமினா தராது. புது நாட்டைப் பார்க்கும் ஆசையில் மோண்ட்ஸ்டாட்டைப் பாதியில் விட்டவர்கள் எல்லோரும் இந்தச் சுவரில் வந்து முட்டுகிறார்கள். திரும்பிப் போய்ப் பொறுக்குங்கள்.

ஏறும்போது ஜம்ப் பொத்தானைத் தட்டித் தட்டி ஏறாதீர்கள். வேகம் கூடும், ஸ்டாமினா கொட்டும். கடைசி இரண்டு அடிக்கு மட்டும் தட்டுங்கள். நிற்க ஒரு சின்னத் திட்டு கிடைத்தால் நின்று முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். தொங்கிக்கொண்டே இருந்தால் நிரம்பாது. நிறையப் பறக்க வேண்டிய நாளில் அம்பர் அல்லது வென்டியை அணியில் வைத்தால் க்ளைடிங் செலவு 20% குறையும். இருவரையும் சேர்த்து வைத்தால் 40% ஆகாது, அதே 20 தான்.

டிராகன்ஸ்பைன் என்ற பனிமலையில் சும்மா நிற்கும்போதே ரத்தம் இறங்கினால் குளிர் மானி நிரம்பிவிட்டது. நெருப்பு, டார்ச், வேபாயின்ட், சிவந்த ஸ்கார்லெட் குவார்ட்ஸ், இவற்றில் ஒன்றின் அருகே போங்கள். தண்ணீரில் மட்டும் கால் வைக்காதீர்கள், மானி பறக்கும். உடைக்க முடியாத பெரிய பனிக்கட்டிக்கும் அதே ஸ்கார்லெட் குவார்ட்ஸ்தான் சாவி. அதை முதலில் உடைத்து, சக்தி உடம்பில் இருக்கும்போதே பனியை அடிக்க வேண்டும்.

மழையில் க்ரையோ எதிரியிடம் உறைந்து போவதும் இதே ரகம்தான். மழை உங்கள் மேல் ஹைட்ரோ பூசிவிட்டது. பொத்தானை விடாமல் தட்டினால் விரைவில் விடுபடலாம். புல்வெளியில் பைரோ வீசிவிட்டு அந்தத் தீயிலேயே நின்று ரத்தம் குறைகிறதே என்று கேட்பவர்களுக்குப் பதில், இரண்டு அடி தள்ளி நில்லுங்கள்.

குவெஸ்ட் நகரவில்லை

குறிப்பிட்ட ஆளிடம் போனால் பேச்சு வரவில்லை, குறிப்பில் அவர் வேறு வேலையில் இருப்பதாகச் சொல்கிறது என்றால் அதே ஆள் உங்கள் இன்னொரு குவெஸ்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் குவெஸ்டை முடித்தால் இது திறக்கும். ஆகவே ஒரே ஊரில் நான்கு குவெஸ்டைப் பாதி பாதியாக விடாதீர்கள்.

'இரவு 8 மணி வரை காத்திரு' என்றால் பைமோன் மெனுவில் கடிகாரத்தைத் திருப்பலாம். காத்திருந்தாலும் பெரிதில்லை, நிஜத்தில் ஒரு நிமிடம், அங்கே ஒரு மணி. 'நாளை வா' என்பது சில இடங்களில் சர்வரின் நிஜமான நாள். அதற்குக் கடிகாரத்தைத் திருப்பிப் பயனில்லை; சர்வர் நேரப்படி விடிகாலை 4 மணி தாண்ட வேண்டும்.

இது எதுவுமில்லாமல் அம்புக்குறியே காணாமல் போனால், யாராவது உங்கள் உலகத்தில் கோ-ஆப்பில் (சேர்ந்து விளையாடும் முறையில்) இருக்கிறார்களா என்று பாருங்கள். பல குவெஸ்ட்கள் தனியாக இருந்தால்தான் ஓடும். பிறரின் உலகத்துக்குப் போனால் பெட்டியும் உங்களுக்குத் திறக்காது. உரிமையாளருக்கு மட்டும்தான். அது பக் இல்லை.

அட்வெஞ்சர் ராங்க் ஏறவில்லை

அட்வெஞ்சர் ராங்க் என்பது கேரக்டருடையதல்ல, உங்கள் கணக்கின் நிலை. 25, 35, 45, 50 இந்த நான்கு இடத்திலும் பூட்டு உண்டு. அசென்ஷன் குவெஸ்டை முடித்தால்தான் மேலே போகும். முடிக்காமல் விளையாடிச் சேர்த்த எக்ஸ்பி வீணாவதில்லை. பூட்டுத் திறந்ததும் மொத்தமாக வந்து சேரும். அதனால் அணி தயாராகும்வரை குவெஸ்டைத் தள்ளிப்போடலாம். அசென்ஷனோடு எதிரிகளும் பலமாவார்கள். ஏற்கெனவே ஏறிவிட்டு அடி தாங்க முடியவில்லை என்றால் வேர்ல்டு லெவலை ஒரு படி இறக்கும் வசதி, வேர்ல்டு லெவல் 5-க்குப் பிறகு, உண்டு.

ராங்க் 45-க்கு முன்னால் ஆர்ட்டிஃபாக்ட் டொமைனில் ரெசினைக் கொட்டாதீர்கள். 45-இலிருந்துதான் உயர்ந்த நிலை டொமைனில் ஒவ்வொரு முறையும் ஐந்து நட்சத்திரத் துண்டு ஒன்றாவது உறுதி. அதுவரை நான்கு நட்சத்திரத்தை +16 வரை ஏற்றி ஓட்டுங்கள், போதும்.

ரெசின் எப்போதும் தீர்ந்தே கிடக்கிறது

ரெசின் 8 நிமிடத்துக்கு 1 ஊறும். கொள்ளளவு 4.7 பதிப்பிலிருந்து 200, அதற்கு முன் 160. காலியிலிருந்து நிரம்ப 26 மணி 40 நிமிடம். ஆகவே ஒரு நாளைக்கு ஒருமுறையாவது காலி செய்யாவிட்டால் வழிந்து வீணாகும். டொமைனுக்கும் லே லைனுக்கும் 20, சாதாரண முதலாளிக்கு 40. வார முதலாளிகளில் முதல் மூன்றுக்குத் தலா 30, நான்காவதிலிருந்து 60. அந்த மூன்றை மட்டும் எந்த வாரமும் தவறவிடாதீர்கள்.

90 விஷ் போட்டேன், கேட்ட கேரக்டர் வரவில்லை

விஷ் என்பது கேரக்டரையும் ஆயுதத்தையும் பெறப் போடும் குலுக்கல். உறுதி என்பது எதற்கு என்று பாருங்கள். 90-க்குள் ஏதோ ஒரு ஐந்து நட்சத்திரம் உறுதி. அது நீங்கள் கேட்ட கேரக்டர்தான் என்பது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. வேறு ஆள் வந்துவிட்டால்தான் அடுத்த ஐந்து நட்சத்திரம் விளம்பரத்தில் இருப்பவர் என்று உறுதியாகும். ஒரு விஷ்ஷின் விலை, ஆட்டத்துக்குள் சேரும் ரத்தினமான ப்ரைமோஜெம் 160. ஆக 14,400 வைத்திருப்பவர் பாதி வழி வந்தவர். மோசமான நாளுக்கும் தாங்க வேண்டும் என்றால் 28,800.

அடுத்த குழப்பம் எண்ணிக்கை. கேரக்டர் ஈவென்ட் பேனர் (குலுக்கல் விளம்பரம்) இரண்டு ஒரே சமயம் ஓடினாலும் எண்ணிக்கை பொது. அடுத்த பதிப்புக்கும் தொடரும். ஆயுத பேனர் தனிக் கணக்கு, எல்லை 80. எப்போதும் திறந்திருக்கும் பேனர் இன்னொரு தனிக் கணக்கு. மூன்றிலும் பிரித்துப் பிரித்துப் போட்டதைக் கூட்டி 90 என்று சொன்னால் ஆட்டம் ஒத்துக்கொள்ளாது. ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்து, கடைசி ஐந்து நட்சத்திரத்திலிருந்து இன்றுவரை விரல்விட்டு எண்ணுங்கள். இப்போதுதான் போட்ட விஷ் அதில் உடனே தெரியாது, சற்று நேரம் கழித்தே ஏறும். சுமார் 74-க்குப் பிறகு வாய்ப்பு வேகமாகக் கூடுகிறது என்பது ஆட்டக்காரர்கள் பதிவுகளைத் தொகுத்துக் கண்டது. விதிப் பக்கத்தில் எழுதியிருப்பது அடிப்படை 0.6%, உறுதியையும் சேர்த்தால் 1.6% என்பதுதான். 60-ஐ எட்டிவிட்டு கை நிற்காமல் பிடிக்காத பேனரில் 'ஒன்றே ஒன்று' போட நினைத்தால், மிச்சமிருப்பது எத்தனை விஷ் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.